பெண்களுக்கு மட்டும்

நம் சங்க மண்டபத்தின் மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளோடும் பொங்கல் விழாத் தட்டிகளோடும் ஒரு மரப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. "புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் - பெண்களுக்கு மட்டும்" என்று வெள்ளை வண்ணத்தின்மேல் நீல எழுத்துக்களில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். எழுத்து அழகாக அமைந்திருக்கிறது என்று அன்று பலரும் பாராட்டினார்கள். அதிலிருந்த பிழையை ஒருவரும் சுட்டிக் காட்டவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்பிழையை நான் உணர்ந்த வரலாற்றை எழுதித் தரும்படி இதழாசிரியர் பணித்தார். சொந்தக் கதையைச் சொல்வதற்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால், கூச்சத்தால் விளைந்த கேட்டைப் பற்றி எழுதப் புகுந்தவன் கூச்சப்படலாமா?

நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1974ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், பம்பாய்க்கு வந்தேன். அன்று இந்நகருக்கு அதுவே பெயர். எனக்கு முன்பே, 1968இல், என் அக்கா மணமாகித் தாராவிக்கு வந்திருந்தாள். அத்தானுக்குத் தோல் பதனிடும் கிடங்கில் வேலை. பத்தடி அறை ஒன்றில் அவர்கள் இருவர், குழந்தைகள் மூவர்; ஆறாவதாக நான் போய்ச் சேர்ந்தேன். மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் எழுத்தர் வேலை கிடைக்கும் வரையில் ஓராண்டுக் காலம் அக்காதான் எனக்குச் சோறிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்குக் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்து வருவாள். தம்பியின் உறக்கம் கலையக் கூடாதென்று குடங்களை ஓசைப்படாமல் இறக்கி வைப்பாள். அந்த ஓசையில்லாத குணமே பின்னால் அவளுக்குப் பகையாயிற்று.

2011ஆம் ஆண்டில் அக்காவுக்கு வயது அறுபத்தொன்று. மாதவிலக்கு நின்று பத்தாண்டுகள் கடந்திருந்தன. அவ்வாண்டு ஆடி மாதத்தில் மறுபடியும் உதிரம் காணத் தொடங்கியது. அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று தானே எண்ணிக்கொண்டு வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள். கல்யாண வீடுகளில் பந்தி முடியுமுன் புறப்பட்டுவிடுவாள். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "அக்காவுக்கு வயதாகிவிட்டது, முன்போல் நடமாட முடியவில்லை" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு உண்டு வந்தவன் நான். "முகம் ஏன் வெளுத்திருக்கிறது?" என்று ஒருநாளும் கேட்டேனில்லை.

எட்டு மாதங்கள் கழிந்த பின்னர், இடுப்பு வலி பொறுக்க முடியாமற்போகவே, என் மனைவியிடம் சொன்னாள். அன்றிரவே நான் ஓடினேன். "என்னிடம் சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, ஆம்பிளைப் பிள்ளையிடம் இதை எப்படியப்பா சொல்லுவேன்?" என்றாள்.

பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெருநிலையம் அது. அதன் வாயிலில் ஒருநாள் நின்றால் பாரதம் முழுவதையும் பார்த்துவிடலாம். பீகாரிலிருந்து வந்த உழவர், வங்காளத்துத் தாய், ஒரிசாவின் சிறுவன், நம் ஊர்க் கிழவர் என எல்லோரும் கையில் ஒரே மாதிரியான கோப்பை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தங்க இடமில்லாதவர்கள் தாதரில் உள்ள காட்கே மகாராஜ் தர்மசாலையை நாடுவார்கள். அங்கும் இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையிலேயே பாய் விரிப்பார்கள். பிழைக்க வந்த ஊரில் நமக்கு ஓர் அறையாவது இருக்கிறதே என்று அன்று எண்ணினேன்.

அக்காவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்று, மூன்றாம் நிலை. மருத்துவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: "இதற்கு முன் எப்போதேனும் பரிசோதனை செய்துகொண்டதுண்டா?" அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அப்படி ஒரு பரிசோதனை உண்டு என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. கதிர்வீச்சும் மருந்துமாக ஏறத்தாழ ஓராண்டு போராடினாள். 2013ஆம் ஆண்டு மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பின்னரே அந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க நெஞ்சு கனத்தது. கருப்பைக் கழுத்துப் புற்று ஒரே இரவில் வருவதில்லை. எச்.பி.வி. என்னும் மிகச் சாதாரணமான வைரஸ் கிருமி அதற்குக் காரணம். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி பெரும்பாலோர் உடம்பில் வந்து தானே நீங்கிவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடும். அப்படித் தங்கினாலும், அது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நீண்ட தவணை கொடுத்துவிட்டு வரும் கடன்காரனை வேறெங்கும் கண்டதில்லை! அக்காவின் நாற்பதாம் வயதிலோ, நாற்பத்தைந்தாம் வயதிலோ ஒருமுறை பார்த்திருந்தால், ஊசி முனை அளவில் இருந்த அதை அரை மணி நேரத்தில் அகற்றியிருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்தது. 1998ஆம் ஆண்டு முதல் இதே நகரத்தின் குடிசைப் பகுதிகளில், டாட்டா மருத்துவமனையினர் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி வந்தனர். பத்தாம் வகுப்புப் படித்த சாதாரணப் பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே கருப்பைக் கழுத்தைச் சோதிக்கச் செய்தார்கள். அவர்கள் கையாண்ட பொருள் நாம் ஊறுகாயில் சேர்க்கும் காடிதான். அதாவது நீர்த்த அசெட்டிக் அமிலம். அதைப் பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுபட்ட இடம் வெளுத்துக் காட்டும். இச்சோதனையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ததில், இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது என்று 2013இல் அறிவித்தார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் இத்தகைய ஆராய்ச்சி நடைபெற்று, 2007இல் அதன் முடிவு வெளிவந்தது. அங்கே ஒரே ஒரு முறை சோதித்ததற்கே 35 பங்கு மரணம் குறைந்திருந்தது.

அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தை 1954இல் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை நெஞ்சில் சுமந்தவர், முப்பது ஆண்டுகள் கழித்தேனும் அதை ஒரு மருத்துவமனையாக எழுப்பிவிட்டார். நான் எளியவன். மருத்துவமனை கட்ட என்னால் ஆகாது. ஒரு முகாமாவது நடத்தலாமே என்று தோன்றியது. அப்போது நான் சங்கத்தின் செயலாளர். செயற்குழுவில் சொன்னபோது ஒரு பெரியவர், "சங்கத்தில் பட்டிமன்றம் நடத்தலாம், பாட்டுக் கச்சேரி வைக்கலாம், இதெல்லாம் பெண்கள் சமாசாரம் ஆயிற்றே!" என்றார். "ஆம், பெண்கள் சமாசாரந்தான்; அதனால்தான் என் அக்கா செத்தாள்" என்றேன். பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

2014ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறன்று பள்ளிக்கூட மண்டபத்தில் முகாம் நடந்தது. பலகை எழுதினேன், வாயிலில் கட்டினேன். அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். பலர் மாமியாரோடும் நாத்தனாரோடும் கூட்டமாக வந்து, ஒருவரை ஒருவர் உள்ளே தள்ளிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கருப்பைக் கழுத்துச் சோதனை, கைகளால் தடவி மார்பகத்தைச் சோதித்தல், விளக்கைப் பிடித்து வாயைப் பார்த்தல் என மூன்று சோதனைகள். ஒருவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. போகும்போது ஒரு மூதாட்டி, "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் பயந்தேன்!" என்று சொல்லிச் சென்றது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

மாலையில் எல்லாம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். வாய்ச் சோதனை செய்த மராத்தியப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உதட்டுச் சிவப்பைப் பார்த்தார் போலும். நான் வெற்றிலைப் பிரியன். தந்தையாரின் பித்தளைச் செல்லம் எனக்கு வந்திருந்தது. அதோடு அவருடைய பழக்கமும் வந்திருந்தது. உணவுக்குப் பின் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நுனி விரல் அளவு புகையிலை. இடக் கன்னத்தில் அதக்கிக்கொண்டால் அலுவலகக் கணக்கு தானாக ஓடும். அப்படி நாற்பது ஆண்டுகள்.

"காகா, தோண்ட் உகடா" என்றார் அப்பெண்மணி. வாயைத் திறக்கச் சொல்கிறார். நான் சிரித்துக்கொண்டே வாயிற்பலகையைச் சுட்டிக் காட்டி, "இது பெண்களுக்கு அல்லவா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வாய் ஆண்களுக்கு இல்லையா, காகா?" என்று இந்தியில் கேட்டார். அதற்கு விடையில்லை. வாயைத் திறந்தேன். விளக்கு இடக் கன்னத்தின் உட்புறத்தில் நின்றது. நெடுநேரம் நின்றது.

அங்கே ஓர் எட்டணாக் காசளவு வெண்படலம் இருந்தது. துணியால் துடைத்தால் போகாத படலம். நான் அதை நாவால் தடவிப் பார்த்ததுண்டு. சுண்ணாம்பு பட்ட புண் என்று விட்டிருந்தேன். பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தந்தார்கள். சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு வரும் வரையில் பத்து நாட்கள். அப்பத்து நாட்களும் நான் உறங்கியதாக நினைவில்லை. அக்காவின் முகமே கண்முன் நின்றது. அவளாவது எட்டு மாதம் மறைத்தாள்; நான் எத்தனை ஆண்டு காணாதிருந்தேனோ! முடிவு வந்தது. புற்று இல்லை, புற்றாக மாறக்கூடிய தொடக்க நிலை. படலத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். வெற்றிலைச் செல்லத்தைப் பூட்டினேன். பழக்கம் எளிதில் விட்டதென்று பொய் சொல்லமாட்டேன், இருமுறை தவறினேன். மூன்றாம் முறை நிலைத்தது. அதுமுதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வருகிறேன்.

நம்மவரிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. "புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு என்ன செய்யும்?" என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், பாக்கே புற்றுநோயை விளைவிப்பது என்று 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்திருக்கிறது. பாக்கை ஓயாமல் மெல்லுவோருக்கு வாயின் உட்தோல் நார்போல் இறுகி, மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறவாமற்போகும். தாம்பூலத் தட்டு மங்கலப் பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. தட்டில் இருக்கும் வரையில் அது மங்கலமே. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் 1996 முதல் ஆண், பெண் இருபாலாரின் வாயையும் வீடு தேடிச் சென்று சோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005இல் தெரிந்தது. அதற்கு வேண்டியிருந்தவை நல்ல வெளிச்சமும் பயின்ற கண்ணுமே.

அடுத்த முகாம் 2016இல். இம்முறை நான் அறிவாளி ஆகிவிட்டதாக எண்ணம். தாழ்வாரத்தில் "ஆண்களுக்கு வாய்ப் பரிசோதனை" என்று இரண்டாவது பலகை வைத்தேன். உள்ளறை வாயிலில் பழைய பலகை. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். எல்லோருக்கும் வழி செய்தாகிவிட்டது என்ற மனநிறைவோடு உலவிக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதை உரியவரின் இசைவு பெற்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய செய்திகளை மாற்றியிருக்கிறேன். நண்பகல் வேளையில் முப்பது வயது கடந்த இளைஞர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் அரும்பு மீசையுமாக, உள்ளறை வாயிலருகே நின்றார். நிற்பதும் இரண்டடி நகர்வதும் மறுபடி வந்து நிற்பதுமாக இருந்தார். நான் அருகே சென்று, "தம்பி, இது பெண்களுக்கு. ஆண்களுக்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். அவர் பலகையை ஒருமுறை பார்த்தார். "தெரியும், பெரியப்பா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கமும் போகாமல், படியிறங்கிப் போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்து அவருடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய பழக்கம், ஒரே ஊர்க்காரர்கள். என் மனைவியோடு அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். அதன் பிறகே எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை பிறந்தபோது பெண் என்று பதியப்பெற்றவர். இப்போது ஆணாக வாழ்பவர். திருநம்பி என்று நம் மொழியில் இன்று அழகான ஒரு சொல் வழங்குகிறது. அவருடைய பாட்டி கருப்பைக் கழுத்துப் புற்றினால் இறந்தவர். பிள்ளைக்கும் உள்ளூர அச்சம். முன்பு ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனபோது, சீட்டு எழுதுபவர் பெயரையும் சோதனையின் பெயரையும் உரக்கப் படித்துச் சிரித்தாராம். நம் சங்கம், நம்மவர்கள், நம் மொழி என்று நம்பி, பல மாதம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். நான் கையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உணவு செல்லவில்லை. அக்கா சொல்ல நாணினாள், நான் கேட்கவில்லை. இந்தப் பிள்ளையோ நாணத்தை விட்டு வாயில் வரை வந்துவிட்டார். நான் வாயிலை அடைத்துவிட்டேன். முன்னது அறியாமை. பின்னதற்கு என்ன பெயர் வைப்பது?

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்; ஆனால், நிதானமாகவே பேசினார். "பெரியப்பா, அட்டையில் ஆண் என்று இருக்கிறது, உடம்பில் கருப்பை இருக்கிறது. இரண்டில் எதைப் பார்த்து வைத்தியம் செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்?" என்றார்.

"காகா, தோண்ட் உகடா" என்று சொன்ன அந்தப் பெண்மணியையே மறுபடி நாடினேன். அவர் ஒரு மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். கூட்டமில்லாத மாலை வேளை, பெயர் சொல்லி அழைக்காமல் சீட்டு எண்ணைச் சொல்லி அழைப்பது, அவர் விரும்பியபடி பெண் மருத்துவர், தாயார் உடனிருப்பது. இவற்றில் எதற்கும் ஒரு காசு செலவில்லை. ஆண் ஹார்மோன் மருந்து எடுப்பவர்களுக்குச் சில வேளைகளில் சோதனைக்கு எடுத்த மாதிரி போதாமற்போவதுண்டு. அவருக்கும் மறுமுறை எடுக்க நேர்ந்தது. முடிவில் குறை ஏதுமில்லை என்று தெரிந்தது. தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கே இத்தனை நடையா, பெரியப்பா!" என்று சிரித்தார். உண்மைதான். சோதனை செய்துகொள்வோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் இராது. அந்த "ஒன்றும் இல்லை" என்ற சொல்லைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு அல்லவா?

அவரிடமிருந்து நான் கற்றது ஓர் எளிய விதி: உடம்பில் எந்த உறுப்பு இருக்கிறதோ, அந்த உறுப்புக்கு உரிய சோதனை வேண்டும். பெயரும் உடையும் மீசையும் கேட்டு நோய் வருவதில்லை. கருப்பைக் கழுத்து உடையவர் எவராயினும், மணமானவரோ ஆகாதவரோ, திருநம்பியோ, அதற்குரிய சோதனை அவருக்கு வேண்டும். பெண்மைக்குரிய ஹார்மோனைப் பல ஆண்டுகள் எடுத்துவரும் திருநங்கையர் மார்பகத்தைக் கவனிக்க வேண்டும். விந்துப்பை அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியும் அவர்களுக்கு இருக்கிறது என்பதை மருத்துவர் மறந்துவிடலாகாது. மார்பகப் புற்று நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருகிறது. மார்பில் கட்டி கண்ட ஆண்மகன் வெட்கப்பட்டு மறைப்பானாயின் அவனும் என் அக்காவின் வழியிலேயே போகிறான். வாயோ எல்லோருக்கும் உண்டு.

2016ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு, முப்பது வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகிய மூன்று இடங்களிலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை செய்ய வழிமுறை வகுத்தது. அரசு நல வாழ்வு நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் பெண்களில் கருப்பைக் கழுத்தை ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டவர் நூற்றுக்கு 1.9 பேர். வாயைச் சோதித்துக்கொண்ட ஆண்கள் 1.2 பேர். தமிழ்நாட்டில் கருப்பைக் கழுத்துச் சோதனை 9.8; பாரதத்தின் சராசரிக்கு ஐந்து மடங்கு என்று பெருமை கொள்ளலாம். மீதி தொண்ணூறு பேரை நினைத்தால் அப்பெருமை நிலைக்காது.

ஊரைவிட்டு வந்த நமக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம் வாய்ப்பாடு. இங்கே மருத்துவரிடம் உடம்பின் மறைவிடத்தைப் பற்றி மராத்தியிலோ இந்தியிலோ சொல்லத் தெரியாது. ஊருக்குப் போனாலோ, திருவிழா, கல்யாணம், நிலத்தகராறு என்று பதினைந்து நாளும் பறந்துவிடும். இப்படி அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நம் பெண்களின் ஆயுள் ரயில்வண்டியிலேயே கழிகிறது. சங்கம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பது பின் எதற்காக? உடன் சென்று மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் அக்கா, ஒரு தங்கை போதும். நம் மகளிர் அணியில் அத்தகையோர் நால்வர் இப்போது இருக்கிறார்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். சோதனையில் குறை தெரிந்தால் அது புற்று என்று பொருளாகாது. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே பொருள். அப்படிச் சொல்லப்பட்டவர் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் சோதனை வீண். காடி தடவிப் பார்க்கும் சோதனை மாதவிலக்கு நின்றவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது, அவர்களுக்கு எச்.பி.வி. சோதனை ஏற்றது. அதற்கு வேண்டிய மாதிரியைத் தாமே தனியறையில் பஞ்சுக் குச்சியால் எடுத்துக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனமும் அதை ஏற்றிருக்கிறது. என் அக்காவைப் போன்றோருக்கும் அந்தப் பிள்ளையைப் போன்றோருக்கும் இது பெரிய வரம். அடுத்து, ஒரே குருதித் துளியில் உடம்பு முழுவதன் புற்றையும் கண்டுபிடிப்பதாகத் தள்ளுபடி விலையில் விற்கப்படும் சோதனைத் தொகுப்புகளைக் கண்டு மயங்க வேண்டாம். புராஸ்டேட்டுக்கான குருதிச் சோதனையும் எல்லா ஆண்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டியதன்று. மருத்துவரிடம் நன்மை தீமைகளைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது: மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் எதையேனும் கண்டால், முகாம் வரட்டும் என்று காத்திராதீர்கள். முகாம் நலமாயிருப்பவர்களுக்கு, நோய்க்குறி கண்டவர் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

2017 முதல் நம் முகாமின் பலகையில் "முப்பது வயது கடந்த எல்லோருக்கும்" என்று எழுதியிருக்கிறோம். உள்ளே தனித்தனி அறைகள். யாருக்கு என்ன சோதனை என்பதைப் பதிவு செய்யும் அம்மையார் மெல்லிய குரலில் கேட்டுக்கொள்வார். பழைய பலகையை வெள்ளையடித்துப் பயன்படுத்தலாம் என்று பொருளாளர் சொன்னார். நான்தான் வேண்டாமென்று மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். எழுதியவன் கண்ணில் அது அவ்வப்போது பட வேண்டும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். என் கன்னத்தில் படலம் அறுத்து வந்த நாள் முதல், மாதம் முதல் தேதியன்று என் மனைவி டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, "வாயைத் திறங்கள்" என்பாள். மருத்துவர் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இவள் பார்ப்பது மாதம் ஒருமுறை. முதன்முறை அவள் பார்த்து முடித்த பிறகு, நான் சற்றுத் தயங்கி, "உனக்கு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா? உதிரப்போக்கு, கட்டி, வலி..." என்று கேட்டேன். வாய் குழறிற்று. அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இன்றுதான் கேட்கிறீர்கள்" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால், அந்தக் கேள்வியை அக்காவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கேட்டிருக்கலாம். அன்பர்களே, இந்த இதழைப் படித்து மடித்து வைத்ததும், உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள்.